சத்துப் பயிரும் சிறு விவசாயியின் கணக்கும்

 

சத்து மிகுந்த பயிர் ரகத்தைச் சிறு விவசாயி ஏன் ஏற்கிறார், ஏன் கைவிடுகிறார்? அரங்கில் பாதிப்பேருக்கு இந்தச் சண்டை பழையது. விரிவாக்கத் துறை நண்பர்களும் ஊட்டச்சத்து நிபுணர்களும் ஒரே பதிலைத்தான் சொல்லிவருகிறார்கள்: விழிப்புணர்வு. வைட்டமின் ஏ குறைந்தால் குழந்தையின் கண் கெடும் என்று எடுத்துச் சொன்னால் விவசாயி நட்டுவிடுவார் என்பது அவர்கள் கட்சி. விளைச்சலும் நடவுப்பொருளும் வாய்க்கு ருசியும் ஒத்துவந்தால்தான் நடுவார், சத்து கூடவே வீட்டுக்கு வரும் என்பது இப்பேச்சாளரின் கட்சி.

மொசாம்பிக்கை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள குடியானவர்கள் வழக்கமாகப் பயிரிட்டது வெள்ளைச் சதையுள்ள சர்க்கரைவள்ளி. உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் பீட்டா கரோட்டின் அதில் இல்லை என்றே சொல்லலாம். ஆரஞ்சுச் சதைக் கிழங்கிலோ ஏராளம். சர்வதேச உருளைக்கிழங்கு மையத்தைச் சேர்ந்த ஜேன் லோ, மரியா அன்ட்ராடே ஆகியோர் அதை ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். வண்டி, சட்டை, தொப்பி எல்லாமே ஆரஞ்சு நிறம். ஸாம்பேசியா மாகாணத்தில் ஜேன் லோ குழு நடத்திய ஆய்வில், இரத்தத்தில் வைட்டமின் ஏ குறைவாக இருந்த குழந்தைகள் 60 சதவீதத்திலிருந்து 38 சதவீதமானார்கள். கிழங்கு பலன் தரும் என்பதில் யாருக்கும் தகராறில்லை.

தகராறெல்லாம் கொடியில். சர்க்கரைவள்ளியை விதைபோட்டு யாரும் விளைவிப்பதில்லை. கொடியை வெட்டித்தான் நட வேண்டும். மொசாம்பிக்கில் மழைக்காலம் ஒன்றுதான். பிறகு மாதக்கணக்கில் வறட்சி. கொடி காய்ந்து கருகிவிடும். மழை விழுந்து மண் ஈரமானதும் நட வேண்டிய நாளில் கையில் கொடி இராது. பயிற்சி வகுப்பில் சொன்னதையெல்லாம் மறக்காமல் ஒப்பிக்கிற தாய்கூட அன்றைக்கு நடுவதற்கு எதுவும் இல்லாமல் நிற்பாள். போதாக்குறைக்கு முதலில் வந்த ரகங்களில் மாவுப்பிடிப்புக் குறைவு. அவித்தால் தண்ணீராக இருக்கும். குழந்தைகள் விரும்பித் தின்றார்கள், பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். விடை வயலில்தான் கிடைத்தது. வறட்சி தாங்கும் 15 ரகங்களை உள்நாட்டிலேயே உருவாக்கி 2011இல் வெளியிட்டார்கள். இன்னொரு வழி, நல்ல சிறுகிழங்குகளைப் பொறுக்கி, பாத்திரத்தில் உலர்ந்த மணலுக்குள் அடுக்கி வீட்டுக்குள் வைப்பது. மழைக்குச் சில வாரம் முன்பு அவற்றை வீட்டோரப் பாத்தியில் ஊன்றித் தண்ணீர் விட்டால், நடவு நாளுக்குக் கொடி தயார்.

இதற்கிடையே மொசாம்பிக்கிலும் உகாண்டாவிலும் சேர்த்து ஏறத்தாழ 24,000 குடும்பங்களுக்குக் கொடியும் பயிற்சியும் கொடுத்த பெருந்திட்டம் ஒன்று நடந்தது. சில ஊர்களில் பயிற்சியை முதலாண்டோடு நிறுத்தினார்கள். சில ஊர்களில் தொடர்ந்தார்கள். செலவு கூடியதே தவிர, பயிரை ஏற்றவர் கணக்கில் சொல்லும்படியான வித்தியாசமில்லை. இரு நாடுகளிலும் 61 முதல் 68 சதவீதம் பேர் ஏற்றார்கள். தாய்மாரின் ஊட்டச்சத்து அறிவு உயர்ந்தது உண்மை. ஆனால் பலனில் அந்த அறிவுக்குரிய பங்கு சிறிது என்பதை ஆய்வாளர்கள் பிரித்தே காட்டினார்கள். அந்த ஆய்வு அச்சேறியது 2018இல். அதற்குப் பிறகும் நம் கருத்தரங்குகளில் விழிப்புணர்வுப் பாட்டு ஓயவில்லை.

எதிர்த்தரப்பு விடாமல் காட்டும் சான்று ஒன்று உண்டு. உகாண்டாவில் கணவன் மனைவி இருவர் பொறுப்பிலும் இருந்து, பெண் முன்நின்று முடிவெடுத்த நிலங்களில் ஆரஞ்சுக் கிழங்கு அதிகம். ஆண் மட்டுமே ஆண்ட நிலங்களில் மிகக் குறைவு. சரிதான். ஆனால் வீட்டில் யார் சொல் எடுபடுகிறது என்பதற்கல்லவா அது சான்று? வகுப்பு நடத்தியதற்கு எப்படிச் சான்றாகும்?

பழைய கதை ஒன்றும் உண்டு. 1964இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தார் புரதத்தரம் மிகுந்த மக்காச்சோளத்தை அறிவித்தபோது உலகமே கொண்டாடியது. மணி மெத்தென்று இருந்தது, விளைச்சலும் குறைவு, விவசாயிகள் ஒதுக்கிவிட்டார்கள். மெக்சிகோவில் சுரிந்தர் வாசலும் எவாஞ்சலினா வில்லேகாஸும் பல ஆண்டு பாடுபட்டு மணியைக் கெட்டியாக்கிய பிறகே அதற்கு மறுவாழ்வு.

நம் நாட்டில் கம்பு. மகாராஷ்டிர விவசாயிகள் பருமணிக்காகவும் சீக்கிரம் அறுவடைக்கு வருவதற்காகவும் ஏற்கெனவே விரும்பிய ரகத்திலிருந்தே இக்ரிசாட் ஆய்வு நிறுவன விஞ்ஞானிகள் இரும்புச்சத்து மிகுந்த தனசக்தியைத் தேர்ந்தெடுத்தார்கள். விளைச்சலும் பழையதைவிடக் கூடுதல். பிறகென்ன தயக்கம்?

நேரம் முடிகிறது, மீதியைக் குறிப்பாகச் சொல்லலாம். கம்பு ரகங்களுக்கு இரும்பு, துத்தநாகக் குறைந்தபட்ச அளவு 2018இல் விதிக்கப்பட்டது போல மற்றத் தானியங்களுக்கும் வேண்டும். ரகத்தேர்வு அட்டவணையில் வேகும் நேரமும் ருசியும் இடம்பெற வேண்டும். திருவனந்தபுரம் கிழங்குப்பயிர் நிறுவனத்தின் பூ சோனா போன்ற ஆரஞ்சுக் கிழங்குகளுக்குக் கோடையில் கொடி காப்பது யார் என்று முனைவர் பட்ட மாணவர் ஒருவராவது ஆராயலாம். சந்தை விலை பற்றித் தனியே பேச வேண்டும். இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையினருக்கும் ஒரு வேண்டுகோள்: அடுத்த ஆண்டு இந்த மேடைக்குப் பேராசிரியரை விட்டு, நாற்றங்கால் நடத்துகிற விவசாயி ஒருவரை அழையுங்கள்.