மரத்தின் வயதும் மனிதனின் சான்றும்



வெள்ளி விழா என்பது கடந்த ஆண்டுகளை எண்ணிப் பார்க்கும் விழா. ஆதலின் ஆண்டுகளை எண்ணும் ஓர் அறிவியலைப் பற்றியே பேச எண்ணினேன். மரத்தின் வளையங்களைக் கொண்டு காலத்தைக் கணிக்கும் முறையே அது.

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் நம் பகுதியைச் சூறையாடியதை எவரும் மறந்திருக்க மாட்டீர்கள். அன்று நான் பணியாற்றிய பள்ளியில் தேக்கு மரம் ஒன்று சாய்ந்தது. பள்ளிப் பதிவேட்டின்படி அது 1986இல் நடப்பட்டது. அடிமரத்தை அறுத்தபோது ஒரு மாணவன் வளையங்களை எண்ணி 36 என்றான். ஒரு மாணவி மறுபக்கம் எண்ணி 29 என்றாள். "ஐயா, யார் எண்ணியது சரி?" என்று இருவரும் கேட்டனர். இருவரும் கவனமாகவே எண்ணியிருந்தனர். எனினும் இரண்டு விடையும் பிழை. அப்பிழையின் காரணத்தைத் தேடிப் படித்ததன் பயனே இவ்வுரை.

தேக்கு கோடையில் இலையுதிர்த்து வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். மீண்டும் தளிர்க்கும்போது முதலில் பெரிய துளைகள் உடைய மரத்தையும், பின்னர் நெருக்கமான மரத்தையும் உருவாக்கும். இவ்விரண்டும் சேர்ந்தது ஓராண்டு வளையம். மழை மிகுந்த ஆண்டில் வளையம் அகலும். வறண்ட ஆண்டில் ஒடுங்கும். இடையில் மழை நின்று மீண்டும் பெய்தால் போலி வளையம் தோன்றுவதும் உண்டு. கடும் வறட்சியில் ஒருபக்கம் வளையமே இல்லாமற் போவதும் உண்டு. என் மாணவர்கள் இடறியது இங்கேதான்.

எல்லா மரமும் இதற்கு உதவாது. தென்னைக்கும் பனைக்கும் ஆண்டு வளையமே இல்லை. நம் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டின் அலையாத்தி மரத்தில் அடுக்குகள் தெரியும். ஆயினும் அவை ஆண்டுக்கு ஒன்றாக அமைவதில்லை. அவற்றை எண்ணி வயது சொல்பவர் ஏமாறுவார்.

இனி, மாதிரி எடுக்கும் முறையைக் கூறுகிறேன். இதற்காக மரத்தை வெட்ட வேண்டியதில்லை. உள்ளே குழலாக உள்ள துளைக்கருவி ஒன்றை நெஞ்சு உயரத்தில், பட்டையிலிருந்து நடுமரம் நோக்கித் திருகிச் செலுத்துவர். பென்சிலைவிட மெல்லியதாக, ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு மரக்குச்சி வெளிவரும். ஒரே மரத்தில் இரு பக்கங்களிலும், ஒரே இடத்தில் பல மரங்களிலும் எடுத்தல் வேண்டும். ஒவ்வொரு குச்சியையும் உறையிலிட்டு இடம், மரவகை, மர எண், நாள் ஆகியவற்றை அப்போதே எழுத வேண்டும். பெயரெழுதாத மாதிரி, பெயரெழுதாத விடைத்தாளைப் போன்றது. பின்னர் உலர்த்தி, பள்ளமிட்ட மரச்சட்டத்தில் ஒட்டி, உப்புத்தாளால் படிப்படியாக இழைத்து, நுண்ணோக்கியில் அளப்பர். வெட்டிய அடிக்கட்டைகளின் வட்டத் துண்டுகளும் பயன்படும். பழைய வீட்டு உத்திரமாயின், பட்டையை ஒட்டிய வெளிமரம் உளதா என்று பார்த்தல் வேண்டும். அது செதுக்கப்பட்டிருந்தால் மரம் வெட்டப்பட்ட ஆண்டைத் துணிந்து கூற இயலாது.

அடுத்தது ஒப்பிடுதல். பழைய மாணவர் பதிவேட்டின் கடைசிப் பக்கங்களும் புதிய பதிவேட்டின் முதற் பக்கங்களும் ஒரே பெயர்களைக் கொண்டிருந்தால் இரண்டையும் இணைத்துவிடலாம் அன்றோ? அவ்வாறே அகன்ற, ஒடுங்கிய வளையங்களின் வரிசையைப் பொருத்தி, உயிருள்ள மரத்திலிருந்து பழைய மரத்திற்குப் பின்னோக்கிச் செல்வர். போலி வளையமும் விடுபட்ட வளையமும் இதில் வெளிப்பட்டுவிடும். அமெரிக்க வானியலறிஞர் டக்ளஸ் 1929இல் ஒரு கரிந்த உத்திரத்தின் துணையால் இவ்வாறு இரு வரிசைகளை இணைத்து, அரிசோனாப் பகுதியின் தொல்குடி மக்கள் வாழ்ந்த பழம் வீடுகளின் காலத்தை நிறுவினார். புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தார், கேரளத் தேக்கு மரங்களைக் கொண்டு 1481 முதல் 2003 வரை 523 ஆண்டு வரிசையை அமைத்து 2010இல் வெளியிட்டனர்.

அதே 2010இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, ஆசியாவில் 300க்கும் மேற்பட்ட இடங்களின் மரவளையங்களைத் திரட்டிப் பழைய வறட்சிகளை வரைபடமாக்கிற்று. அதில் 1876 முதல் 1878 வரையிலான பெருவறட்சி தெளிவாகத் தெரிகிறது. நம் பாட்டிமார் தாது வருடப் பஞ்சம் என்று சொன்னார்களே, அதுதான். அப்பஞ்சத்தில் முதலில் மடிந்தோர் நிலமற்ற உழைப்பாளிகள். அவருள் மிகப் பலரின் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. ஆனால் வானம் பொய்த்ததை மரங்கள் குறித்து வைத்திருக்கின்றன.

இளைஞர்களே, ஒன்றை மட்டும் மனத்திற் கொள்ளுங்கள். மழை பொய்த்தது என்று மரம் சொல்லும். மக்கள் பட்டினி கிடக்கையில் தானியம் கப்பலேறியது என்று மரம் சொல்லாது. அதை ஏடுகளில்தான் தேட வேண்டும். ஆகவே தாவரவியலும் படியுங்கள், வரலாறும் படியுங்கள். காப்புக்காட்டு மரத்தில் அனுமதியின்றிக் கைவைக்காதீர்கள். உங்கள் தெருவில் பழைய மரம் சாய்ந்தால், பழைய கூரை பிரிக்கப்பட்டால், விறகாகும் முன்னர் ஒரு துண்டை எடுத்து இடமும் நாளும் எழுதி வையுங்கள். மரம் அறுக்கும் பெரியவர்களிடம் கேட்டு, அவர்கள் சொல்வதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அன்று என்னிடம் கேள்வி கேட்ட அம்மாணவியிடம், "விடை பிழை, ஆனால் நீ மறுபக்கம் எண்ணிப் பார்த்தது சரி" என்றேன். இச்சங்கத்தின் பிள்ளைகள் அனைவரும் மறுபக்கமும் எண்ணிப் பார்ப்பவர்களாக வளர வேண்டும் என்று வாழ்த்தி அமைகிறேன்.