கூஜாவும் கோடும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

இரயில்வே அலுவலகத்தில் பதிவேடு எழுதும் ஒருவனுக்கு ஓவியத்தைப் பற்றிப் பேச என்ன உரிமை என்று சிலர் ஐயுறலாம். கோடு போடுவது எழுத்தர் தொழிலிலும் உண்டு. அந்த அளவில் எனக்கும் சிறிது உரிமை உண்டெனக் கொண்டு தொடங்குகிறேன்.

இம்மேசைமீதுள்ள பித்தளைக் கூஜாவைப் பாருங்கள். பருத்த வயிறு, குறுகிய கழுத்து, மரை வைத்த மூடி, மூடியின்மேல் வளைந்த கைப்பிடி. ஒரு காலத்தில் கூஜா இல்லாமல் தமிழ்க் குடும்பம் நெடும்பயணம் புறப்பட்டதில்லை. பின்னர்ப் பிளாஸ்டிக் புட்டிகள் வந்தன. 2003-ஆம் ஆண்டில் 'ரயில் நீர்' என்ற பெயரில் இரயில்வேயின் தண்ணீர்ப் புட்டியே வந்துவிட்டது. கூஜா பரண் ஏறிற்று. இப்பொழுது பரணிலிருந்தும் இறங்கிக் கபாடிவாலாவின் தராசுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. மாற்றல் உத்தரவு வரும்போதெல்லாம் சுமையைக் குறைக்க முதலில் கழிவது இத்தகைய பழம் பாத்திரமே.

தராசு பித்தளைக்கு விலை சொல்லும். வடிவத்திற்கு விலை சொல்லாது. பாத்திரத்தோடு சொற்களும் போகின்றன. மரை, ஈயம் பூசுதல், பெயர் வெட்டுதல் என்றால் என்னவென்று நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்? எல்லாவற்றையும் காப்பாற்றி வையுங்கள் என்று நான் கூறவில்லை. குவார்ட்டர்ஸில் உள்ள இடம் எவ்வளவு என்பது எனக்கும் தெரியும். போவதற்கு முன் ஒரு முறை அதைப் பார்த்து வரைந்துவிடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

கைப்பேசியில் படம் பிடித்தால் போதாதோ எனில், போதாது. படம் பிடிக்க ஒரு நொடி; அந்த ஒரு நொடிக்கு மேல் கண் அப்பொருளில் தங்குவதில்லை. வரைவதற்கு அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணியும் கண் அங்கேயே குடியிருக்கும்.

இனிச் சிறுவர்களுக்கு வழி சொல்லுகிறேன். கூஜாவின்மேல் கோடு எதுவும் கிடையாது. இருப்பது விளிம்பு. பித்தளை முடிந்து சுவர் தொடங்கும் இடம் ஒரு விளிம்பு. கழுத்து வயிற்றோடு சேரும் இடம் மற்றொன்று. நசுங்கிய குழியின் ஓரம் வேறொன்று. கண் காணும் விளிம்பைக் கை தாளில் எழுதுவதே கோடு. வாசலில் நாள்தோறும் கம்பியிழுக்கும் நம் தாய்மார் மனத்திலுள்ள கோலத்தைத் தரையில் இறக்குகிறார்கள். இங்கோ பொருள் சொல்வதைக் கை கேட்டு எழுத வேண்டும்.

பொருளை நாலைந்து அடி தள்ளி வையுங்கள். ஒரு கண்ணை மூடி, கையை நேராக நீட்டி, பென்சிலால் உயரத்தையும் அகலத்தையும் ஒப்பிடுங்கள். பிறகு விளிம்பின்மேல் எறும்பு ஊர்வதுபோல் கண்ணை மெல்ல நகர்த்துங்கள். கண் நகரும் வேகத்திலேயே பென்சிலும் நகரட்டும். நிக்கொலைடிஸ் என்னும் அமெரிக்க ஓவிய ஆசிரியரின் நூல் 1941-இல் வெளிவந்தது. பென்சில் முனை தாளைத் தொடுவதாக எண்ணாமல், பொருளையே தொடுவதாக எண்ணி வரையுமாறு அவர் அதில் கற்பிக்கிறார்.

பலர் தவறுவது வாயிலும் அடியிலும். வாய் வட்டமென்று நாம் அறிவோம். ஆனால் கண்ணுக்குத் தெரிவது தட்டையான நீள்வட்டம். கண் மட்டத்தில் வைத்தால் அதுவும் ஒரு நேர்கோடாகிவிடும். கண்ணுக்குக் கீழே இறங்க இறங்க நீள்வட்டம் அகலும். ஆகவே மேசைமீதுள்ள கூஜாவின் அடி, வாயைவிடச் சற்று அதிகமாக வளைந்தே தோன்றும். அடியை நேர்கோடாக இழுத்தால் கூஜா அட்டையில் வெட்டியது போலாகும்.

கைப்பிடி வரைய வரவில்லையா? அதை விட்டுவிட்டு, கைப்பிடிக்கும் மூடிக்கும் இடையேயுள்ள வெற்றிடத்தின் வடிவத்தை வரையுங்கள். கைப்பிடி தானே வந்துவிடும். நிழல் தீட்ட வேண்டா. நிழல் விழும் பக்கம் கோட்டை அழுத்தியும், வெளிச்சம் விழும் பக்கம் மெலிதாகவும் இழுத்தாலே உருட்சி தெரியும். நசுங்கலை மறைத்து அழகுபடுத்தாதீர்கள். எந்தப் பிளாட்பாரத்தில் எவர் கையிலிருந்து அது விழுந்ததோ! அந்தக் குழியே கடைக் கூஜாவை நம் வீட்டுக் கூஜாவாக்குவது.

இத்தகைய பொருள்களின் பெருமையை அயல்நாட்டாரும் கண்டனர். இந்திய அரசின் அழைப்பின்பேரில் வந்த சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்னும் அமெரிக்கத் தம்பதியர் 1958-இல் ஓர் அறிக்கை அளித்தனர். இந்நாட்டில் தாம் கண்டு வியந்த பொருள்கள் அனைத்திலும் எளிய சொம்பையே அவர்கள் தலையாயதாகப் போற்றினர். அதனைத் தனி ஒருவர் வடிவமைக்கவில்லை. இடுப்பிலும் தலையிலும் சுமந்த பல தலைமுறையினரின் கைகளே அதனை உருவாக்கின என்பது அவர்கள் கருத்து. அவ்வறிக்கையை அடிப்படையாகக் கொண்டே 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது. அந்தச் சொம்பின் உடன்பிறப்பே நம் கூஜா.

சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டு மலரில் சில பக்கங்களைப் பிள்ளைகளுக்கென ஒதுக்குங்கள். வீட்டிற்கு ஒரு பிள்ளை, ஒரு பழம்பொருளைப் பார்த்து வரையட்டும். கூஜாவோ, அஞ்சறைப் பெட்டியோ, அரிவாள்மணையோ, எதுவாயினும் சரி. படத்தின் கீழே அதன் உறுப்புகளின் பெயரைப் பாட்டியிடம் கேட்டுத் தமிழில் எழுதட்டும். விளிம்பில் புள்ளி புள்ளியாய் வெட்டிய பெயரும் ஆண்டும் இருந்தால், அது யாருடைய பெயர் என்பதையும் கேட்டு எழுதட்டும். தமிழ் எழுத்தைப் பள்ளியில் காணாத நம் பிள்ளைகளுக்கு அதுவே ஒரு பாடமாகும்.

வரைந்து முடித்த பின்னரும் அப்பாத்திரத்தை எடைக்குப் போட மனம் வருமா என்பதைத் தாய்மார்களே சொல்லட்டும்.