தண்ணி பட்டா திரும்பி வருமா? சுருட்டை முடியை நேராக்குறதுக்கு முன்னாடி கேக்க வேண்டிய ஒரே கேள்வி

(ஒலிப்பதிவிலிருந்து திருத்திச் சுருக்கிய எழுத்து வடிவம்)

வழக்கமா இங்க வேலை, சம்பளம், இன்டர்வியூன்னு பேசுவோம். இன்னைக்கு முடி. சிரிக்காதீங்க, போன வாரம் பூந்தமல்லியில இருந்து வந்த ஒரு வாய்ஸ் நோட்தான் காரணம். பேர் சொல்ல வேணாம்னு கேட்டுக்கிட்டாங்க. அவங்க கேட்டதைச் சுருக்கிச் சொல்றேன்.

"அக்கா, அடுத்த மாசம் எனக்குக் கல்யாணம். முடி இடுப்பு வரைக்கும் இருக்கு, முழுக்க சுருட்டை. ரிசப்ஷனுக்கு முடியை விரிச்சு விடணும், நேரா இருந்தா நல்லா இருக்கும்னு அத்தை சொல்றாங்க. எனக்கும் ஆசைதான். பார்லர்ல கல்யாண பேக்கேஜோட சேத்து ஸ்மூத்தனிங் பண்ணிக்கச் சொல்றாங்க. முடி கெடாம நேராக்க முடியுமா?"

பதிலை முதல்லயே சொல்லிடறேன். ஒரு நாளைக்கு நேராக்க முடியும், பெருசா கெடாது. ஆறு மாசத்துக்கு நேரா நிக்கணும்னா, எதையோ உடைச்சுத்தான் ஆகணும். ஏன்னு இனிமே சொல்றேன். "உன் சுருட்டையே அழகு, அப்படியே விடு"ன்னு லெக்சர் குடுக்க நான் வரல. அது அவங்க தலை, அவங்க முடிவு. என்ன விலைன்னு தெரிஞ்சுக்கிட்டு முடிவு எடுக்கணும், அவ்வளவுதான்.

என் கதை

நானும் சுருட்டைதான். ஆவடியில வீடு, அம்பத்தூர் எஸ்டேட்ல ஆபீஸ். நாலு வருஷம் முன்னாடி, புது வேலையில சேர்ந்த சந்தோஷத்துல, நம்ம ஏரியாவுல ஒரு பார்லர்ல ஸ்மூத்தனிங் பண்ணினேன். 6,500 ரூபாய். "இதுல ஃபார்மலின் எல்லாம் இல்லமா, பயப்படாத"ன்னு பார்லர் அக்கா சொன்னாங்க. ஆனா மெஷின் முடியில பட்டதும் வந்த புகையில எனக்குக் கண்ணு எரிஞ்சு தண்ணியாக் கொட்டுச்சு. அந்த அக்கா ரெண்டு மாஸ்க் போட்டிருந்தாங்க. அதைப் பாத்தப்பவே எந்திரிச்சு வந்திருக்கணும். பாதி தலை முடிஞ்சிருச்சேன்னு உக்காந்துட்டேன்.

முதல் ரெண்டு மாசம் சூப்பர். நாலாவது மாசம் வேர்ல இருந்து ரெண்டு இன்ச் சுருட்டையா வளர ஆரம்பிச்சுது. மேல சுருட்டை, கீழ ஈர்க்குச்சி. ரெண்டும் சேர்ற இடத்துல சீப்பு போட்டா டப்பு டப்புன்னு உடையுது. கொட்டுறது வேற, உடையறது வேற. கொட்டுற முடிக்கு வேர்ப்பக்கம் சின்னதா ஒரு வெள்ளை நுனி இருக்கும், உடைஞ்ச முடிக்கு இருக்காது. எனக்கு வந்தது எல்லாமே உடைஞ்சது. ஒரு ஞாயித்துக்கிழமை அம்மா தலை வாரிவிட்டாங்க. அவங்க ஒண்ணும் சொல்லல. தரையில கெடந்த முடியைச் சுருட்டி எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டாங்க. திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்ல.

பத்தாவது மாசம் காதுக்குக் கீழ வெட்டிட்டேன். இப்போ பாதி முதுகைத் தாண்டியிருக்கு.

இஸ்திரிக்கடையும் டயர் ஃபேக்டரியும்

முடி கெரட்டின்ங்கிற புரோட்டீனால ஆனது. அது எந்த வடிவத்துல நிக்கணும்னு முடிவு பண்றதுல ரெண்டு வகைப் பிணைப்புக்கு முக்கியப் பங்கு இருக்கு.

முதல் வகை, ஹைட்ரஜன் பிணைப்பு. ரொம்ப பலவீனமானது. தண்ணி பட்டா விட்டுடும், காய்ஞ்சா திரும்பப் பிடிச்சுக்கும். காயும்போது முடி எந்த வடிவத்துல இருக்கோ, அந்த வடிவத்துலயே பிடிக்கும். தெருமுனை இஸ்திரிக்கடை அண்ணன் காட்டன் சட்டையில தண்ணி தெளிச்சு இழுத்துத் தேய்க்கிறாரே, அதே வேலைதான். காட்டன்லயும் இதே ஹைட்ரஜன் பிணைப்புதான். வேர்வை பட்டா சட்டை கசங்குற மாதிரி, ஈரக்காத்து பட்டா முடி சுருட்டைக்குத் திரும்பிடும். ஆவடியில கத்தி மாதிரி நேரா ஏறுற முடி, அண்ணனூர், திருமுல்லைவாயில், அம்பத்தூர் தாண்டி பட்டரவாக்கத்துல இறங்கும்போது பஞ்சு மிட்டாய் ஆகுறது இதனாலதான்.

ரெண்டாவது வகை, டைசல்ஃபைடு. கந்தக அணுக்கள் ஒண்ணோட ஒண்ணு கை கோத்து நிக்கிறது. தண்ணிக்கு இது அசையாது. உங்க முடி ஒவ்வொரு தடவை குளிச்சதும் திரும்பச் சுருட்டையா வருதே, அந்த ஞாபகம் நிக்கிறது பெரும்பாலும் இதுலதான். அம்பத்தூர்ல ஒரு காலத்துல டன்லப் டயர் ஃபேக்டரி இருந்துச்சு, வீட்ல பெரியவங்களைக் கேட்டா சொல்வாங்க. டயர் ரப்பரை உறுதியாக்குறதும் இதே கந்தகப் பாலங்கள்தான். டயரைத் திரும்ப ரப்பர் பால் ஆக்க முடியுமா?

ரீபாண்டிங்ல என்ன பண்றாங்க? தயோகிளைகோலேட் மாதிரி ஒரு கெமிக்கல் போட்டு இந்தக் கந்தகக் கையை விடுவிக்கிறாங்க. மெஷின் வெச்சு நேராக்குறாங்க. அப்புறம் இன்னொரு கெமிக்கல் போட்டுப் புது இடத்துல கை கோக்க வைக்கிறாங்க. எல்லாக் கையும் திரும்பச் சேராது. சேராதது எல்லாம் முடியோட பலத்துல கழிவு.

எங்க டீம்ல ஒரு பழக்கம் உண்டு. லைவ்ல எந்த மாத்தம் பண்றதுக்கு முன்னாடியும் "ரோல்பேக் இருக்கா?"ன்னு கேப்போம். தப்பாப் போனா பழையபடி கொண்டு வர முடியுமான்னு அர்த்தம். முடிக்கும் அதே கேள்விதான்: தண்ணி பட்டா திரும்பி வருமா? வரும்னா ரோல்பேக் இருக்கு. வராதுன்னா, வளர்ந்து வர்ற புது முடிதான் ஒரே வழி.

புது முடி மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல வளரும். வருஷத்துக்கு அரை அடின்னு வெச்சுக்கோங்க. அப்போ இடுப்பு வரைக்கும் இருக்கற முடியோட நுனிக்கு வயசு நாலஞ்சு. காலேஜ் காலத்துல முளைச்ச முடி அது. தோல் கிழிஞ்சா ஆறும், முடி ஆறாது. அதுல உயிர் இல்ல. எந்த மாஸ்க் போட்டாலும் பூசி மறைக்கலாம், குணமாக்க முடியாது. நீள முடிக்காரங்க அதிகமா பயப்பட வேண்டியது இதனாலதான்.

பேர் மாறும், பாட்டில் மாறாது

ஸ்மூத்தனிங், கெரட்டின், போட்டாக்ஸ், நானோபிளாஸ்டியா. பார்லருக்குப் பார்லர் பேர் மாறும். ஒரு இடத்துல ஸ்மூத்தனிங்னு சொல்றது ரீபாண்டிங்கோட தம்பியா இருக்கும், இன்னொரு இடத்துல கெரட்டின் ட்ரீட்மென்ட்டா இருக்கும். அதனால பேரைக் கேக்காதீங்க. பாட்டிலை வாங்கிப் பின்பக்கம் படிங்க.

ஃபார்மல்டிஹைடு, ஃபார்மலின், மெத்திலீன் கிளைகால். இந்த மூணுல எது இருந்தாலும் சூடு பட்டதும் வர்ற புகை ஒண்ணுதான். ஃபார்மல்டிஹைடை மனுஷங்களுக்குப் புற்றுநோய் உண்டாக்குற பொருள்னு உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004லயே வகைப்படுத்திடுச்சு. இதுல நம்மளவிட அந்தப் பார்லர் அக்காவுக்குத்தான் ஆபத்து அதிகம். நாம வருஷத்துக்கு ஒரு தடவை, அவங்க தினமும்.

அடுத்தது கிளையாக்ஸிலிக் ஆசிட். "ஃபார்மல்டிஹைடு ஃப்ரீ"ன்னு வர்ற பாட்டில்கள்ல பல சமயம் இதுதான் இருக்கும். 2024ல பிரான்ஸ் டாக்டர்கள் ஒரு கேஸ் எழுதினாங்க. 26 வயசுப் பொண்ணு, வேற நோய் எதுவும் இல்ல. மூணு தடவை முடி நேராக்கிக்கிட்டாங்க, மூணு தடவையும் கிட்னி திடீர்னு பாதிக்கப்பட்டுச்சு. போட்ட க்ரீம்ல 10 சதவீதம் கிளையாக்ஸிலிக் ஆசிட். எல்லாருக்கும் இப்படி ஆகும்னு அர்த்தமில்ல. ஆனா பண்ணினதுக்கு அப்புறம் வாந்தி, முதுகு வலி, காய்ச்சல்னு வந்தா, "வெயில் ஒத்துக்கல"ன்னு விடாம டாக்டர்கிட்ட போங்க. முடிக்கு என்ன போட்டீங்கன்னும் சேத்துச் சொல்லுங்க.

இன்னொண்ணு. 2022ல அமெரிக்காவுல 33,497 பெண்களை கிட்டத்தட்ட 11 வருஷம் தொடர்ந்து கவனிச்ச ஒரு ஆய்வு வந்துச்சு. கெமிக்கல் வெச்சு முடியை நேராக்காதவங்களுக்கு 70 வயசுக்குள்ள கர்ப்பப்பைப் புற்றுநோய் வர்ற வாய்ப்பு 1.64 சதவீதம். அடிக்கடி, அதாவது ஒரு வருஷத்துல நாலு தடவைக்கு மேல பண்ணினவங்களுக்கு 4.05 சதவீதம். இது தொடர்பைத்தான் காட்டுது, காரணத்தை நிரூபிக்கல. எந்தெந்த பிராண்டுன்னும் அவங்க கேக்கல. ஒரு தடவை பண்ணினவங்க பயந்து தூக்கத்தைக் கெடுத்துக்காதீங்க. ஆனா மூணு மாசத்துக்கு ஒரு தடவை டச்சப் பண்றவங்க யோசிக்கணும்.

சரி, ரிசப்ஷனுக்கு என்ன பண்றது?

இப்போ பூந்தமல்லித் தங்கச்சிக்கு நேரா பேசறேன்.

முன்னாடி நாள் தலைக்குக் குளி. குளிக்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி தேங்காய் எண்ணெய் வெச்சுக்கோ. அது முடிக்குள்ள போய் புரோட்டீன் வெளியேறுறதைக் குறைக்குதுன்னு 2003ல ஒரு ஆய்வு வந்துச்சு. பண்ணினது தேங்காய் எண்ணெய் விக்கிற மாரிகோ கம்பெனிக்காரங்கதான், அதையும் சொல்லிடறேன். ஆனா எண்ணெயை நல்லா அலசிடணும். எண்ணெய்த் தலையில மெஷின் வைக்கவே கூடாது.

"எங்க போர் தண்ணி உப்பு, அதுதான் முடியைக் கெடுக்குது"ன்னு நம்ம பக்கம் எல்லாரும் சொல்வாங்க. 2013ல கோயம்புத்தூர்ல ஒரு ஆஸ்பத்திரி டாக்டர்கள், உப்புத் தண்ணியிலயும் சுத்தமான தண்ணியிலயும் 30 நாள் முடியைக் கழுவிப் பாத்தாங்க. முடியோட பலத்துல பெரிய வித்தியாசம் இல்ல. சொரசொரப்பாத் தோணினா கண்டிஷனர் போடு, கடைசி ரெண்டு மக்கு மட்டும் கேன் தண்ணி ஊத்திக்கோ. போதும்.

கண்டிஷனர் இருக்கும்போதே பெரிய பல் சீப்பால நுனியில இருந்து மேல சிக்கெடு. டவலால உதறித் தேய்க்காத, பழைய காட்டன் டி-ஷர்ட்டால ஒத்தி எடு.

முக்கால்வாசி காய்ஞ்சதும், முடியை நாலு பாகமாப் பிரி. ஒவ்வொரு பாகத்தையும் இழுத்துப் பிடிச்சு, துணி ரப்பர் பேண்டை ரெண்டு இன்ச்சுக்கு ஒண்ணா மேலிருந்து கீழ வரைக்கும் போடு. இறுக்காத. அப்படியே தூங்கு. காலையில சுருள் எல்லாம் நீண்டு லேசான அலையா வந்திருக்கும். சூடே இல்லாம பாதி வேலை முடிஞ்சுது.

அடுத்து ட்ரையர். மிதமான சூடு, 15 சென்டிமீட்டர் தூரம், ஒரே இடத்துல நிக்காம நகர்த்திக்கிட்டே இருக்கணும். 2011ல கொரியாவுல இந்த மாதிரி பண்ணிப் பாத்துட்டு, தானா காய விடுறதைவிடவே இது பரவாயில்லன்னு சொன்னாங்க. முடி ரொம்ப நேரம் ஈரத்துல ஊறுறதும் உள்பக்கத்துக்கு நல்லதில்லையாம்.

கடைசியாத்தான் ஸ்ட்ரெயிட்னர். முடி முழுசா காய்ஞ்சிருக்கணும். மெஷின் வைக்கும்போது "சொய்ங்"னு சத்தம் வந்தா உடனே நிறுத்தச் சொல்லு. அது முடிக்குள்ள இருக்கற தண்ணி கொதிக்கிற சத்தம். உள்ள குமிழ் குமிழா ஓட்டை விழுந்து அந்த இடத்துல உடையும். சூடு 150ல இருந்து 180 டிகிரிக்குள்ள. பார்லர்ல 230 வெப்பாங்க, வேலை சீக்கிரம் முடியணுமே. குறைக்கச் சொல்லிக் கேளு, தப்பில்ல. ஹீட் ப்ரொடெக்டன்ட் போட்டுக்கோ. அது சேதத்தைக் குறைக்கும், தடுக்காது. மெல்லிசா மெல்லிசா எடுத்து, ஒரு தடவை மட்டும், மெதுவா. ஒரே இடத்துல அஞ்சு தடவை இழுக்கறதுக்கு ஒரு தடவை பொறுமையா இழுக்கறது மேல்.

இடுப்பு வரைக்கும் இருக்கற முடிக்கு இது ஒன்றரை மணி நேர வேலை. அதனால ரெண்டு வாரம் முன்னாடியே ஒரு தடவை பண்ணிப் பாத்துடு. ரிசப்ஷன் ஹால்ல ஏசி இருக்கா, போட்டோ எத்தனை மணிக்குன்னு கேட்டுக்கோ. ஏசி இல்லாத ஹால்னா, எட்டு மணிக்கு மேல சுருட்டை எட்டிப் பாக்கும்னு இப்பவே மனசுல வெச்சுக்கோ.

மறுநாள் காலையில தலைக்குக் குளிச்சதும் உன் சுருட்டை உனக்குத் திரும்பக் கிடைக்கும். அதுதான் ரோல்பேக்.

அத்தைகிட்ட எப்படிச் சொல்றதுன்னும் கேட்டிருந்த. "ரிசப்ஷனுக்கு நேராப் பண்ணிக்கறேன் அத்தை, நிரந்தரமா பண்ற மருந்து மட்டும் வேணாம், முடி உடைஞ்சிடும்"னு சொல்லிப் பாரு. அவங்க கேட்டது ஒரு சாயந்திரத்துக்கு. ஆறு மாசம்னு சேத்தது பார்லர் பேக்கேஜ்.

அப்புறம் ஒரு சின்ன தகவல். பழந்தமிழ்ல பெண்கள் கூந்தலை "ஐம்பால்"னு சொல்வாங்க, அஞ்சு வகையா முடிக்கிறது. உரைக்காரங்க குடுக்கற அந்த அஞ்சுல ஒண்ணோட பேரே "சுருள்". லெக்சர் இல்ல, சும்மா தெரிஞ்சிக்க.

போட்டோ அனுப்பு தங்கச்சி. ரிசப்ஷன் போட்டோ ஒண்ணு, மறுநாள் குளிச்சதுக்கு அப்புறம் ஒண்ணு. மத்தவங்க உங்க கேள்வியை வாய்ஸ் நோட்ல அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல நைட் ஷிப்ட் பத்திப் பேசுவோம். வரட்டுமா?