கரையைக் கரைய விடலாமா?



பவானிசாகர் அணையைக் காணச் செல்வோரெல்லாம் நடுவிலே நிமிர்ந்து நிற்கும் மதகுகளைத்தான் காண்கின்றனர். நுங்கும் நுரையுமாகப் பாயும் நீரைக் கண்டு பரவசப்படுகின்றனர். இருபுறமும் எட்டுக் கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் மண்கரையை எவரும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. நாடகத்திலும் இதே கதைதான். கதாநாயகனுக்குக் கைதட்டல், திரைக்கயிறு பிடிப்பவனுக்கு ஒன்றுமில்லை. ஆனால் அவன் கை தளர்ந்தால் காட்சியே முடிந்தது!

பவானியும் மோயாறும் சேர்ந்து தரும் 32.8 டி.எம்.சி. நீரைத் தடுத்து நிறுத்துவதிலே பெரும்பங்கு அந்த மண்ணுக்குத்தான். 1948இல் தொடங்கி 1955இல் முடித்த கரை அது.

மண்ணாலான அணை மட்டமானது என்று நான் சொல்லவரவில்லை. முறையாகக் கட்டி, முறையாகக் காத்தால் அது நெடுங்காலம் நிற்கும். அதற்குப் பகை இரண்டு: மேலேறி வழியும் வெள்ளம் ஒன்று, உள்ளே ஊறிக் கசியும் நீர் மற்றொன்று. கசிவு தெளிந்து வந்தால் அச்சம் குறைவு. கலங்கி வந்தாலோ, கரை தன் வயிற்று மண்ணையே கக்குகிறது என்று பொருள்! எலி வளையும் மரத்தின் வேரும் அதற்கு வழிகாட்டிகள். அதனால்தான் கரையின் அடிவாரத்திலே மணல் வடிகட்டி, வடிகால், கசிவை அளக்கும் கருவி எல்லாம் வேண்டும் என்கின்றனர் பொறியாளர்கள். கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்ட எனக்கே விளங்குகிறது இது. கோப்புகளைக் கட்டி ஆள்வோருக்கு விளங்காதா?

முதற்பகை என்ன செய்யும் என்பதை குஜராத்தின் மோர்வி நகரைக் கேளுங்கள். 1979 ஆகஸ்டு 11. மச்சு ஆற்றின் இரண்டாம் அணை. கணக்கிட்டுக் கட்டியதைப்போல ஏறத்தாழ மும்மடங்கு வெள்ளம் வந்தது. நடுவிலிருந்த கட்டுமானம் நின்றது. இருபுறத்து மண்கரையும் கரைந்தது. ஆயிரக்கணக்கான உயிர்களை வாரிச் சென்றது வெள்ளம். பிறகு அணையைத் திரும்பக் கட்டியபோது, வெள்ளநீர் வெளியேறும் திறனை ஏறத்தாழ நான்கு மடங்காக்கினார்கள். பிணங்களை எண்ணிய பிறகு செய்த கணக்கு அது!

"பாதுகாப்புக்குச் செலவிட்டால் பாசனத்திற்கு என்ன பயன்?" என்று கேட்போர் உண்டு. அவர்களுக்கு ஒன்று சொல்வேன். பவானிசாகரின் முழு உயரம் 105 அடி. அக்டோபர் வரையில் 102 அடிக்குமேல் தேக்குவதில்லை என்பது விதி. திடீர் வெள்ளத்துக்கு இடம் விட வேண்டுமே! அறிவுடைய விதி, அதைக் குறை கூறேன். ஆனால் அந்த மூன்றடியிலே ஏறத்தாழ 2½ டி.எம்.சி. அடங்கியிருக்கிறது, தோழர்களே! கீழ்பவானி வாய்க்காலோ 200 கிலோமீட்டர். ஆயக்கட்டோ 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர். பாதி நிலத்துக்கு ஒரு போகம், மீதிப் பாதிக்கு மறு போகம் என்று முறைவைத்துத் தண்ணீர் காண்கிறான் உழவன். கரை பலப்பட்டு, மதகுகள் தடையின்றி இயங்கி, மலைமழையை முன்னறிந்து சொல்லும் ஏற்பாடும் இருந்தால், எவ்வளவு தேக்கலாம் என்பதைத் துணிவோடு மறு ஆய்வு செய்யலாம். அவை இல்லாமல் தேக்கினால், மோர்வி! ஆகவே கரைக்கு இடும் பணம் கடைமடைக்கு இடும் தண்ணீர்.

ஏரி வாரியம் அமைத்த உத்திரமேரூர்க் கல்வெட்டை மேடைதோறும் பேசுகிறோம், பெருமைதான். அந்த வாரியத்தார் கரையைக் காத்தார்கள், நாம் கல்வெட்டைக் காக்கிறோம்!

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம், பருவமழைக்கு முன்பும் பின்பும் அணையை ஆய்ந்திடச் சொல்கிறது. அது நடைமுறைக்கு வந்த 2021 டிசம்பர் 30 முதல் ஐந்தாண்டுக்குள் தனிப்பட்ட வல்லுநர் குழுவின் முழு மதிப்பீடும் நடந்தாக வேண்டும் என்கிறது. ஊர்தோறும் தோழர்கள் இதனைக் கேளுங்கள்: எங்கே அந்த அறிக்கை? கசிவின் அளவு என்ன? எந்த மதகு பழுது? ஆங்கிலத்திலே அச்சிட்டு அலமாரியிலே பூட்டாமல், தமிழிலே எழுதி, கிராம சபையிலே, கடைமடைக்காரனும் கேட்கும்படி படிக்கச் சொல்லுங்கள். அடுத்த பருவமழைக்கு முன்பே படிக்கச் சொல்லுங்கள்.