பள்ளிக் கணக்கும் மத்திய அரசின் பணமும்

(பஞ்சாயத்து உறுப்பினர் பயிற்சி முகாம் ஒன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



சாலை, குடிநீர், தெருவிளக்கு ஆகியவற்றைக் குறித்து நாம் கூடிப் பேசாத மாதமே இல்லை. ஊர்ப் பள்ளியின் கணக்கைக் குறித்துப் பேசுவதற்கென்று நாம் கூடியதோ மிகவும் அரிது. அது தலைமையாசிரியரின் மேசைக்குள் இருக்க வேண்டிய பொருள், அதில் பஞ்சாயத்துக்கு என்ன வேலை என்று நம்மிற் பலர் எண்ணி வந்திருக்கின்றனர். அவ்வெண்ணம் பொருந்தாது. நம் ஊர்ப் பள்ளிக்கு மத்திய அரசிடமிருந்து வரும் பணம் அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் கணிக்கப்படுகிறது. அந்தக் கணக்கைத் திரட்டி வைக்கும் கணிப்பொறி ஏற்பாட்டிற்கும் அதே திட்டத்தில் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. பணமும் கணக்கும் இவ்வாறு ஒன்றையொன்று பற்றி நிற்பதை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும்.

உழவர்களுக்கு அடங்கலைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. வயலிலே நெல் நின்றிருந்தாலும் அடங்கலில் அது ஏறவில்லையென்றால், வெள்ளத்திலே பயிர் அழிந்த பிறகு நிவாரணம் கேட்டுத் தாலுகா அலுவலகத்தின் படிகளில் எத்தனை முறை ஏறினாலும் பயன் காண்பது அரிது. பள்ளிக்கும் அத்தகைய அடங்கல் ஒன்று உண்டு. ஒருங்கிணைந்த மாவட்டக் கல்வித் தகவல் முறை என்பது அதன் பெயர். ‘யூடைஸ்’ என்று சுருக்கமாக வழங்குகிறது. நாட்டிலுள்ள ஒவ்வொரு பள்ளிக்கும் அதில் 11 இலக்க எண் ஒன்று இருக்கிறது. முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும், நம்முடையது 33. அடுத்து மாவட்டம், வட்டாரம், கிராமம், இறுதியில் பள்ளி என்று புல எண்ணைப் போலவே அது வரிசையாக இறங்கி வருகிறது. நம் பள்ளியின் எண் யாதென்று இங்கே அமர்ந்திருப்போரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இது எவ்வாறு தோன்றியது என்பதையும் சிறிது கூறுவோம். 1994ஆம் ஆண்டில் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் என்ற ஒன்றை மத்திய அரசு ஏழு மாநிலங்களின் 42 மாவட்டங்களில் தொடங்கியது. தமிழ்நாடும் அவ்வேழில் ஒன்று. செலவில் நூற்றுக்கு 85 பங்கை மத்திய அரசும் 15 பங்கை மாநில அரசும் ஏற்றன. இவ்வளவு பணம் கொடுப்போர் அது எங்கே செல்கிறது, யாருக்குப் பயன்படுகிறது என்று கேளாமல் இருப்பரோ? எனவே பள்ளிகளின் விவரங்களைக் கணிப்பொறியில் திரட்டும் மென்பொருள் ஒன்று ஆக்கப்பட்டது. மென்பொருள் என்பது கண்ணுக்குத் தெரியும் பொருளன்று. இன்ன வேலையை இன்னவாறு செய் என்று கணிப்பொறிக்கு எழுதிக் கொடுக்கும் கட்டளைத் தொகுதியே அது. பின்னர் அனைவருக்கும் கல்வித் திட்டம் வந்தபோது இம்முறை நாடெங்கும் பரவியது. 2012-13இல் தொடக்கக் கல்விக் கணக்கும் உயர்நிலைக் கல்விக் கணக்கும் ஒன்றாக்கப்பட்டன. 2018-19 முதல் காகிதப் படிவம் நீங்கி, பள்ளியிலிருந்தே இணையத்தின் வழியாக விவரம் அனுப்பும் முறை ஏற்பட்டது. அதே ஆண்டில்தான் பழைய கல்வித் திட்டங்கள் மூன்றும் ‘சமக்ர சிக்ஷா’ என்னும் ஒரே திட்டமாக இணைக்கப்பட்டன.

சமக்ர சிக்ஷாவின் செலவை நம் போன்ற மாநிலங்களில் மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்ற விகிதத்தில் பகிர்ந்துகொள்வது ஏற்பாடு. 2021-22 முதல் 2025-26 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு நாடு முழுவதற்கும் வகுக்கப்பட்ட தொகை 2,94,283 கோடி ரூபாய். அதில் மத்திய அரசின் பங்கு 1,85,398 கோடி. கேட்பதற்குக் கடலளவாக இருக்கும் இத்தொகை நம் பள்ளிக்கு வந்து சேரும்போது எவ்வளவாகிறது என்று பார்ப்போம். அந்த ஐந்தாண்டுத் திட்டத்தின் விதிப்படி, முப்பது மாணவர் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்குப் பள்ளி மானியம் 10,000 ரூபாய். முப்பதுக்கு மேல் நூறு வரை 25,000 ரூபாய். நூற்றுக்கு மேல் 250 வரை 50,000. அதற்கு மேல் ஆயிரம் வரை 75,000. ஆயிரத்தையும் கடந்தால் ஒரு லட்சம். மின் கட்டணம், இணைய இணைப்பு, சிறு பழுதுபார்ப்பு, கற்பிக்கும் கருவிகள் யாவும் இதற்குள் அடங்க வேண்டும். பத்தில் ஒரு பங்கைத் தூய்மைப் பணிக்கென்று செலவிடவும் வேண்டும். கணக்கை அனுப்பப் பயன்படும் இணையத்தின் கட்டணமே கணக்கைப் பார்த்து வரும் மானியத்திலிருந்துதான் கட்டப்படுகிறது என்பதைக் கவனியுங்கள்.

முப்பது பிள்ளைகள் உள்ள பள்ளிக்கும் முப்பத்தொரு பிள்ளைகள் உள்ள பள்ளிக்கும் இடையே இவ்விதிப்படி வேறுபாடு 15,000 ரூபாய். ஊரில் பள்ளிக்கு வராமல் ஆடு மேய்த்துக்கொண்டிருக்கும் ஒரே ஒரு சிறுவனைக் கொணர்ந்து சேர்த்தால் அவனுக்கும் நன்மை, பள்ளிக்கும் நன்மை. ஆனால் வராத பிள்ளையை வந்ததாக எழுதி முப்பத்தொன்று ஆக்கலாமே என்று எவருக்கேனும் தோன்றுமாயின், அந்தக் காலம் மலையேறிவிட்டது. முன்பு வகுப்புக்கு இத்தனை பேர் என்று எண்ணிக்கை மட்டும் கேட்டார்கள். 2022-23 முதல் பிள்ளை பிள்ளையாகப் பெயரும் விவரமும் கேட்கிறார்கள். விளைவு என்ன தெரியுமா? 2021-22இல் நாட்டின் பள்ளி மாணவர் தொகை ஏறக்குறைய 26 கோடியே 50 லட்சம் என்றிருந்தது. 2023-24இல் அது 24 கோடியே 80 லட்சம் ஆயிற்று. கணக்கெடுக்கும் முறையே மாறியதால் இரண்டையும் அப்படியே ஒப்பிடலாகாது என்று கல்வி அமைச்சகம் விளக்கியது. பிறப்புக் குறைந்ததும் ஒரு காரணம்தான். ஆயினும் இரண்டு பள்ளிகளில் பெயர் இருந்த பிள்ளைகள் ஒரே பிள்ளையாகத் தெரிந்ததையும் நாம் மறுக்க முடியாது.

எண்ணிக்கை மட்டுமன்று, வசதிகளும் அதில் எழுதப்படுகின்றன. கழிப்பறை எத்தனை என்று ஒரு கேள்வி. அவற்றுள் பயன்படுபவை எத்தனை என்று அதன் பக்கத்திலேயே மற்றொரு கேள்வி. பள்ளியொன்றில் பெண் பிள்ளைகளுக்கென்று கட்டிய கழிப்பறை இரண்டு இருந்தன. மோட்டார் எரிந்துபோய்த் தண்ணீர் இல்லாமையால் இரண்டும் பூட்டிக் கிடந்தன. படிவத்திலோ இரண்டு கேள்விகளுக்கும் இரண்டு, இரண்டு என்று எழுதப்பட்டிருந்தது. பள்ளிக்குக் குறை சொன்னதாக ஆகிவிடக் கூடாதே என்ற நல்லெண்ணம்! அந்த நல்லெண்ணத்தால் கணிப்பொறியின் பார்வையில் அப்பள்ளி குறையற்ற பள்ளியாக விளங்கிற்று. ஆண்டுத் திட்டம் தீட்டும்போது குறையற்ற பள்ளிக்குப் பணம் ஒதுக்குவார் யார்? பெரிய வகுப்புப் பெண் பிள்ளைகள் நண்பகலில் வீட்டுக்குப் போய்விட்டு, பிறகு திரும்பாமலே இருந்தனர். உள்ள குறையை உள்ளபடி எழுதுவதில் இழுக்கு ஒன்றுமில்லை. இல்லாத நிறையை எழுதுவதே ஊருக்கு இழப்பு.

இனி, பஞ்சாயத்துக்கு இதில் என்ன வேலை என்ற கேள்விக்கு வருவோம். 2009ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு உள்ளாட்சி மன்றங்களின் கடமைகளைக் கூறுகிறது. தன் எல்லைக்குள் வாழும் 14 வயது வரையுள்ள பிள்ளைகளின் பதிவேட்டை உள்ளாட்சி மன்றம் வைத்திருக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. இடம் பெயர்ந்து வரும் குடும்பத்துப் பிள்ளைகள் பள்ளியில் சேர்வதை உறுதிசெய்ய வேண்டும் என்பது மற்றொன்று. பள்ளியின் பதிவேடு பள்ளிக்கு வந்த பிள்ளைகளை மட்டுமே அறியும். வராத பிள்ளையை அறிந்தது ஊர் ஒன்றே.

நம் மாநிலம் ‘எமிஸ்’ என்னும் தன் சொந்த மென்பொருளை வைத்திருக்கிறது. மாணவர் ஒவ்வொருவருக்கும் அதில் ஓர் எண் உண்டு. ஒரு பிள்ளை பள்ளியை விட்டு வெளியேறினால் அதன் பெயரைப் ‘பொதுத் தொகுப்பு’ என்ற பகுதிக்குத் தள்ளிவிடுவர். வேறு பள்ளியிலே சேர்ந்தவுடன் அப்பள்ளி அங்கிருந்து பெயரை எடுத்துக்கொள்ளும். மிக நல்ல ஏற்பாடுதான். ஆனால் எந்தப் பள்ளியும் எடுக்காவிட்டால்? தைப்பொங்கல் கழிந்ததும் செங்கற்சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பம் குடும்பமாகப் புறப்படுகிறார்கள். தாய் தந்தையோடு பிள்ளையும் போகிறது. பள்ளியிலே பெயர் நீங்குகிறது. சூளைக்கு அருகிலுள்ள பள்ளியிலோ எவரும் சேர்ப்பதில்லை. பெயர் தொகுப்பில் கிடக்கிறது. பிள்ளை கல் அடுக்குகிறது. அந்தக் குடும்பம் எந்த ஊருக்குப் போயிற்று, எந்த மேஸ்திரி முன்பணம் கொடுத்து அழைத்துப் போனார் என்பது கணிப்பொறிக்குத் தெரியாது. வார்டு உறுப்பினருக்குத் தெரியும். அவ்வுறுப்பினர் தலைமையாசிரியரிடமோ வட்டார வள மையத்திலோ அதைச் சொன்னால், அங்கிருந்து அந்த ஊர்ப் பள்ளிக்குச் செய்தி போகும். எத்தனை கோடி செலவிட்டு எத்தகைய மென்பொருளை அமைத்தாலும் இந்த ஒரு சொல்லுக்கு ஈடாகாது என்பது நம் கருத்து.

ஆசிரியர்களின் குறையையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். மென்பொருளின் விலையைப் பற்றிப் பேசுவோர் அதனிடம் விவரத்தை ஏற்றுபவரின் நேரத்தை விலையிற் சேர்ப்பதில்லை. இரண்டு ஆசிரியர் உள்ள தொடக்கப்பள்ளியில் ஒருவர் கைப்பேசியோடு மல்லாடினால் ஐந்து வகுப்புகளையும் மற்றவரே கட்டி மேய்க்க வேண்டும். பத்தாண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிரக் கல்விக்குப் புறம்பான பணிகளில் ஆசிரியரை ஈடுபடுத்தலாகாது என்று மேற்சொன்ன சட்டத்தின் 27ஆம் பிரிவு கூறுகிறது. பள்ளியின் வருகைப் பதிவு கல்விப் பணியே என்று வாதிடலாம்; ஒரே விவரத்தை மூன்று இடங்களில் மும்முறை ஏற்றுவது எந்தப் பணி என்று எமக்கு விளங்கவில்லை. மாநில ஏற்பாட்டில் ஏற்றிய விவரம் மத்திய ஏற்பாட்டுக்குத் தானே செல்லும்படி இணைப்பதில்தான் மென்பொருளுக்குச் செலவிடும் பணம் உண்மையிற் பயன் தரும்.

ஒன்றை எச்சரிக்கையாகவும் கூற விரும்புகிறோம். எப்போதோ ஒருமுறை வரும் பணத்தைக் கொண்டு ஆண்டுதோறும் கட்டணம் கேட்கும் பொருளை வாங்குவது ஆபத்து. இதற்கு அமெரிக்க நாட்டில் அண்மையில் நிகழ்ந்ததை எடுத்துக்காட்டலாம். அங்கும் பள்ளிச் செலவின் பெரும்பகுதி மாநிலங்களையும் ஊர்களையும் சேர்ந்தது. ஏழைப் பிள்ளைகள் மிகுந்த பள்ளிகளுக்கென்று 1965ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கூட்டரசு பணம் கொடுத்து வருகிறது. கொரோனா நோய்க் காலத்தில், 2020, 2021ஆம் ஆண்டுகளில் மூன்று சட்டங்களின் வாயிலாக ஏறக்குறைய 19,000 கோடி டாலர் பள்ளிகளுக்கு அளிக்கப்பட்டது. வராத மாணவரைக் கண்டறிவதற்கும் கற்றல் இழப்பை அளப்பதற்கும் மென்பொருள்களைப் பல ஊர்கள் ஆண்டுச் சந்தாவில் வாங்கின. 2024 செப்டம்பர் 30ஆம் நாளோடு கடைசித் தவணையை ஒப்பந்தம் செய்யும் கெடு முடிந்தது. பணம் நின்றது, சந்தா நிற்கவில்லை. அதை ஊர் வரியிலிருந்து கட்டுவதா, கைவிடுவதா என்று பள்ளி மன்றங்கள் திகைத்தன.

வண்டி வாங்கப் பணம் கொடுத்தவர் மாட்டுக்குத் தீவனமும் கொடுப்பார் என்று நம்பலாமா? நம் மாநிலத்திலேயே 2024-25ஆம் ஆண்டுக்குரிய சமக்ர சிக்ஷாவின் மத்தியப் பங்கு, 2,150 கோடி ரூபாய்க்கு மேற்பட்டது, உரிய காலத்தில் வராமற்போனதையும் 2025 மே மாதத்தில் மாநில அரசு உச்ச நீதிமன்றத்தை நாடியதையும் பத்திரிகைகளிற் படித்திருப்பீர்கள். அவ்வழக்கைப் பற்றிப் பேசுவது அலுவலர்களாகிய எமக்கு உரியதன்று. வெளியிலிருந்து வரும் பணம் தவறாது வரும் பருவமழையன்று என்பதை மட்டும் நினைவிற் கொள்வோம்.

இதை ஏன் சொல்கிறோமென்றால், பள்ளிக்கு நவீன மென்பொருள் அமைத்துத் தருகிறோம், பஞ்சாயத்துப் பொது நிதியிலிருந்து ஓராண்டுக் கட்டணம் மட்டும் கொடுங்கள் என்று சில முகவர்கள் பஞ்சாயத்துகளை அணுகக்கூடும். அரசின் ஏற்பாட்டைப் பயன்படுத்த எந்த அரசுப் பள்ளியும் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. மேலும், பிள்ளைகளின் பெயர், பிறந்த நாள், பெற்றோரின் கைப்பேசி எண் ஆகியவற்றைத் தனியாரிடம் கொடுப்பது விளையாட்டுக் காரியமன்று. அவர்கள் காட்டும் படங்கள் அழகாகவே இருக்கும். தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

செய்யத்தக்கவை கடினமானவை அல்ல. யூடைஸ் விவரத்தை ஆசிரியர் அனுப்புமுன் பள்ளி மேலாண்மைக் குழுவிலே அதை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். சட்டப்படி அக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். உள்ளாட்சிப் பிரதிநிதிக்கும் அதில் இடமுண்டு. கழிப்பறை, குடிநீர், சுற்றுச்சுவர் என்று படிக்கும்போதே எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வரலாம்; பத்து நிமிட வேலை. முன் ஆண்டில் என்ன எழுதினார்கள் என்பதைப் பள்ளியின் பெயரைக் கொண்டு எவரும் இணையத்தில் காணலாம். கல்லூரிக்குச் செல்லும் பிள்ளை வீட்டில் இருந்தால் அவரிடம் கேட்டால் எடுத்துக் காட்டுவார். கட்டடப் பழுது எதுவாயினும் ஒன்றிய அலுவலகத்துக்கும் தனியே எழுதுங்கள். ஊராட்சி ஒன்றியப் பள்ளி என்று பெயர்ப்பலகையிலேயே இருப்பதால், அது எங்கள் பொறுப்பன்று என்று நாங்கள் சொல்ல முடியாது.

14 வயது வரையுள்ள பிள்ளைகளின் பட்டியலை வார்டுவாரியாக எழுதிக்கொண்டு நவம்பர் 1ஆம் நாள் கிராம சபைக்கு வாருங்கள். அன்று தலைமையாசிரியரையும் பதிவேட்டுடன் அழைப்போம். இரண்டையும் பக்கத்திற் பக்கத்தில் வைத்துப் படித்து, இதில் இருந்து அதில் இல்லாத பெயர்களைத் தனியே குறித்துக்கொள்வோம். சூளைக்குப் போகும் குடும்பங்கள் தை மாதத்தில் புறப்படுவதற்குள் நமக்கு இரண்டு மாதத்திற்கு மேல் இருக்கும். வண்டி ஏறும் நாளன்று, போகும் ஊரின் பெயரையும் அழைத்துச் செல்பவரின் பெயரையும் அந்தக் குறிப்பின் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.