சட்டம் பயிலும் எம் தங்கைமாரும் விடுமுறைப் பயிற்சியும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



நூறு ஆண்டு கண்ட சங்கம் தன் பழம்பெருமையைப் பேசுவது முறை. எமக்கு முன் பேசியவர்கள் அதைச் செவ்வனே செய்துவிட்டார்கள். சட்டத்துறைக்குச் சென்ற பழைய மாணவிகளாகிய நாங்கள் ஒரு வேண்டுகோளோடு வந்திருக்கிறோம். அது சட்டம் படிக்கும் எமது தங்கைமாரின் பல்கலைக்கழக விடுமுறையைப் பற்றியது.

சட்டப் பட்டத்துக்கு நான்கு ஆண்டு. அதன்பின் சட்டக் கல்லூரிப் பரீட்சைகள், மூத்த சட்டத்தரணி ஒருவரின் கீழ் ஆறு மாதத் தொழிற்பயிற்சி, பிறகு சத்தியப்பிரமாணம். இந்த நெடுவழியில் மாணவி பல தீர்ப்புகளைப் படிப்பாள். தீர்ப்புக்குப் பின்னால் நிற்கும் மனிதரைக் காண அவளுக்குக் கிடைக்கும் நல்ல வாய்ப்பு, விடுமுறையில் மனித உரிமை அமைப்பொன்றில் ஆறு, எட்டுக் கிழமை பெறும் உள்ளகப் பயிற்சி. 1982இல் தொடங்கிய சட்டம் மற்றும் சமூக அறக்கட்டளை, 1996இல் தொடங்கிய மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் போன்ற அமைப்புகள் கொழும்பில் இத்தகைய பயிற்சிக்கு மாணவரை எடுப்பதுண்டு.

உலகில் இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. 1963ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் யேல் பல்கலைக்கழகச் சட்ட மாணவி எலினோர் ஹோம்ஸ் நோர்ட்டன் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்துக்குச் சென்றார். கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக உழைத்த பானி லூ ஹேமரும் தோழர்களும் அப்போது வைனோனா என்ற ஊரின் சிறையில் அடிபட்டுக் கிடந்தார்கள். அவர்களை வெளியே கொண்டுவரச் சென்றவர்களில் அந்த மாணவியும் ஒருவர். பின்னாளில் அவர் அமெரிக்கக் காங்கிரசில் தலைநகரின் பிரதிநிதியானார்.

எமது ஊரில் ஒரு சட்ட மாணவிக்கு அப்படி என்ன வேலை இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். மூன்றைச் சொல்கிறோம்.

முதலாவது, காலக்கெடு. அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்படி, அடிப்படை உரிமை மீறப்பட்டவர் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்ய வேண்டும். அந்த நீதிமன்றமோ கொழும்புப் புதுக்கடையில் இருக்கிறது. மகனைப் பிடித்துக்கொண்டு போனால் தாய் முதலில் விதானையாரிடம் போவாள், பிறகு கோயில் ஐயரிடமோ சுவாமியாரிடமோ போவாள், பிறகு பாராளுமன்ற உறுப்பினரைத் தேடுவாள். அதற்குள் மாதம் முடிந்துவிடும். ஆனால் அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு கொடுத்துவிட்டால், ஆணைக்குழு விசாரிக்கும் காலம் கணக்கில் சேராது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் 13ஆம் பிரிவில் அப்படிச் சொல்கிறது. இந்த ஒரு செய்தியை உரிய நாளில் ஒரு தாய்க்குச் சொல்லவும், முறைப்பாட்டை எழுதிக் கொடுக்கவும் சட்ட மாணவி ஒருத்தி போதும்.

இரண்டாவது, மொழி. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் 1993இல் கைதான நல்லரத்தினம் சிங்கராசாவின் வழக்கு சட்டம் படிப்போர் அறிந்தது. அவருடைய குற்ற ஒப்புதல் என்று சொல்லப்பட்டது சிங்களத்தில் எழுதப்பட்டிருந்தது. மொழிபெயர்த்தவர் ஒரு பொலிஸ்காரர். அவர் வைத்தது பெருவிரல் அடையாளம். அதைக் கொண்டே அவருக்கு 50 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டு, மேன்முறையீட்டில் 35 ஆண்டாகக் குறைக்கப்பட்டது. மனித உரிமைகள் இல்லத்தின் சட்டத்தரணி வி. எஸ். கணேசலிங்கம் அவர்கள் இவ்வழக்கை ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு வரை கொண்டு சென்றார். நீதியான விசாரணைக்கான உரிமை மீறப்பட்டது என்று அக்குழு 2004இல் கூறியது. 2006இல் எமது உயர் நீதிமன்றம் அந்தக் கருத்துக்கு இங்கே வலு இல்லை என்று மனுவைத் தள்ளிவிட்டது. முடிவு எதுவானாலும், ஒருவர் சொன்னது ஒன்றும் தாளில் ஏறியது இன்னொன்றும் ஆகிவிட்டால் வாழ்க்கையே போய்விடும் என்பதை அந்த வழக்கு காட்டுகிறது.

இங்கேதான் எமது தங்கையின் பெறுமதி தெரிகிறது. எமது ஊர்ப் பெண்கள் திகதி சொல்லுவதில்லை. "சந்நிதிக் கொடியேறி அடுத்த நாள்" என்பார்கள், "புகையிலை நட்ட காலம்" என்பார்கள். கொழும்பில் வளர்ந்த சட்டத்தரணிக்கு அது விளங்காது. எமது தங்கை பஞ்சாங்கத்தைப் பார்த்துத் திகதியைக் கண்டுபிடிப்பாள். ஆங்கிலத்தில் சத்தியக்கடதாசி எழுதிய பின், கையெழுத்துக்கு முன் அதைத் திரும்பத் தமிழில் வாசித்துக் காட்டி, "அக்கா, இது நீங்கள் சொன்னதுதானா?" என்று கேட்பாள். சட்ட நூல் எதிலும் படிக்க முடியாத அந்தத் திறமையை அவளுக்குக் கொடுத்தது இந்த மண்.

மூன்றாவது, எமது தேசவழமை. 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் சீதனக் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். கணவன் காணாமற்போய்விட்டால் யாரிடம் சம்மதம் கேட்பது? இருக்குமிடம் தெரியாத கணவனின் சம்மதம் இல்லாமலே காணியைக் கையாள மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம் என்று அதே சட்டம் சொல்கிறது. 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம், மரணச் சான்றிதழ் எடுக்க மனமில்லாத குடும்பங்களுக்குக் காணக்கிடைக்காமைக்கான சான்றிதழ் பெற வழி செய்தது. 1990இல் இடம்பெயர்ந்து 2015இல் வளலாய்க்குத் திரும்பியவர்களைப் போல, உறுதியும் எல்லைக் கல்லும் தொலைந்தவர்களுக்குக் காணிப் பதிவகத்தில் தோம்பு தேட வேண்டியிருக்கிறது. இவை பெரிய வழக்குகள் அல்ல. ஆனால் மகளின் கலியாணமும் மகனின் படிப்பும் இவற்றில் தங்கியிருக்கின்றன.

இனி எமது வேண்டுகோள். இத்தகைய பயிற்சிகள் பலவற்றுக்குக் கொடுப்பனவு இல்லை, அல்லது மிகச் சிறியது. கொழும்பில் வீடுள்ள பிள்ளை பயிற்சிக்குப் போகிறாள். தோட்டக்காரரின் மகள் விடுமுறையில் ஊருக்கு வந்து சிறுவர்களுக்கு ரியூசன் கொடுக்கிறாள். யாருக்காக அந்த அமைப்புகள் வேலை செய்கின்றனவோ, அவர்களின் பிள்ளையே அங்கு போக முடியாமல் நிற்கிறாள்.

ஆகவே இச்சங்கம் ஒரு விடுமுறைப் பயிற்சி நிதியைத் தொடங்க வேண்டும் என்று கேட்கிறோம். ஆண்டுக்கு இரண்டு மாணவிகள் போதும். பேருந்துக் கட்டணம், அறை வாடகை, சாப்பாட்டுச் செலவு, இவ்வளவே தேவை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருக்கும் அக்காமார் ஓர் அறை கொடுக்கலாம். லண்டனிலும் ரொறன்ரோவிலும் சட்டத்துறையில் இருப்பவர்கள் கிழமைக்கு ஒரு மணித்தியாலம் காணொளியில் வந்து ஆங்கில வரைவுகளைத் திருத்திக் கொடுக்கலாம்.

பெற்றோரின் பயத்தையும் நாங்கள் அறிவோம். இந்த மண்ணில் அந்தப் பயம் காரணமில்லாமல் வந்ததன்று. அதனால் நிபந்தனைகள் வேண்டும். பொறுப்பான சட்டத்தரணி ஒருவரின் மேற்பார்வை எழுத்தில் உறுதியாக வேண்டும். மாணவியைத் தனியே களத்துக்கு அனுப்பக் கூடாது. அவளும் கேட்டறிந்த துயரத்தைக் கிணற்றடியிலோ கைத்தொலைபேசியிலோ ஊர்க்கதை ஆக்கக் கூடாது.

எமக்கு முன் வந்தவர்கள், பெண்பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று கேட்ட காலத்தில் எமக்குக் கல்விக்கு வழி திறந்தார்கள். அந்தக் கடனைக் கட்டிடமாகவும் கட்டலாம், பிள்ளையாகவும் கட்டலாம். அடுத்த விடுமுறை தொடங்குமுன் இரண்டு பிள்ளைகளின் பெயரைச் செயலாளரிடம் கொடுக்க நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம். மீதி உங்கள் கையில்.