துறை என்னும் சொல்

துறைமுகத்தால் புகழ்பெற்ற திருகோணமலையில் வாழும் நாம், கல்வித்துறை, மருத்துவத்துறை, நீதித்துறை என்று நாள்தோறும் 'துறை'யைச் சொல்கிறோம். ஆனால் அச்சொல்லின் வேர் தண்ணீரில் இருப்பதை மறந்துவிடுகிறோம்.

ஆற்றிலோ குளத்திலோ கடலிலோ மனிதர் இறங்குவதற்கு ஏற்ற இடமே துறை. கரை முழுவதும் துறையாகாது. நீராடவும் நீர் முகக்கவும் ஓடம் ஏறவும் வாய்ப்பான இடத்துக்கே அப்பெயர். மலையாளத்தில் இது 'துற' என வழங்குகிறது. துறைமுகம் அங்கே 'துறமுகம்'. சங்கப் பாடல்களில் நெய்தல் நிலத் தலைவன் 'துறைவன்' எனப்படுகிறான்.

பின்னர் இச்சொல் இலக்கியத்துள் புகுந்தது. தொல்காப்பியர் செய்யுளுக்குரிய 34 உறுப்புகளுள் துறையையும் ஒன்றாக வைத்தார். புறநானூற்றுப் பாடல்களின் கீழே திணையும் துறையும் குறிக்கப்பட்டிருக்கக் காண்கிறோம். திணையைப் பெருநீராகக் கொண்டால், பாட்டு அதனுள் இறங்கும் இடம் துறை எனலாம். கல்வியில் கரைகண்டவரைத் 'துறைபோகியவர்' என்பதும் இவ்வழியே வந்தது.

இனி இலக்கணம். ஐகார ஈற்றுப் பெயராதலால், உயிர் வரும்போது யகர உடம்படுமெய் பெற்றுத் துறையை, துறையில் என வரும். பருத்தித்துறையில் தகரம் மிகுகிறது, காங்கேசன்துறையில் இயல்பாகிறது. வெண்மையோடு சேர்ந்தால் 'வெண்டுறை' எனத் தகரமே டகரமாகிவிடும். இடையின ரகரமிட்டுத் 'துரை' என்று எழுதினாலோ பொருள் ஆள்பவனாகிவிடும். எழுத்து மாறாமலே துறைகள் துரைகளாகிவிடும் அலுவலகங்களும் உண்டு!

கிண்ணியாவில் 2009இல் பெரிய பாலம் திறக்கப்படும்வரை துறையே மக்களின் வழியாக இருந்தது. அதே கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில், 2021 நவம்பர் 23 காலை, மிதப்புப் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உள்ளிட்டோர் உயிரிழந்தனர். பாலம் கட்டி முடியாத இடத்தில் பிள்ளைகள் நம்பி ஏறிய பாதை அது.

நம்பி இறங்கவும், இடரின்றிக் கடக்கவும் இடம் தருவதே துறை. நீர்த்துறைக்கும் நிருவாகத் துறைக்கும் அளவுகோல் ஒன்றுதான்: வந்தவர் அக்கரை சேர்ந்தாரா? சேரவில்லையென்றால் அது வெறும் கரை, துறையன்று.